காதை மூடின தொப்பி

இல்ல பெரியம்மா, சாயங்காலப் பேப்பர்ல போட்டிருக்கிறது தப்பு. அநியாயம் நடந்தது டாக்டர் நதேஷ்தாவுக்குத்தான். இருபத்தாறு வருஷமா சின்னப் பிள்ளைங்களுக்கு மயக்க மருந்து குடுத்த மனுஷி. மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி பிள்ளையை ஒழுங்காப் பாக்கல, மூச்சுக்குழாய் தகராறு பண்ணும்னு முன்கூட்டிக் கண்டுபிடிக்கல, அதனால ஒரு பிள்ளை போயிருச்சுன்னு சொல்லி, இன்னைக்குக் காலையில நிஷ் டவுன்ல விசாரணைக் குழுன்னு அஞ்சு பேரு ஒரு நீள மேசைக்குப் பின்னாடி உக்காந்து அவங்களைக் கிழிச்சுத் தோரணம் கட்டிட்டாங்க. தீர்ப்பு வெள்ளிக்கிழமைதான். ஆனா என்ன வரப்போகுதுன்னு அந்த அஞ்சு மூஞ்சியிலயும் இன்னைக்கே தெரிஞ்சிருச்சு. இனிமே அவங்க எந்த ஆஸ்பத்திரியிலயும் டாக்டரா கால் வைக்க முடியாது.

மன்னிச்சுக்கோங்க. வாயைத் திறக்காம வீடு போய்ச் சேரணும்னுதான் பஸ் ஏறினேன். நீங்க அந்தத் தலைப்பை வாய்விட்டுப் படிச்சீங்களா, கொலைகார அலட்சியம்னு, எனக்குப் பொறுக்கல. எழுதினவன் அந்த ரூம் பக்கமே வரல. வெளிய வராந்தாவுல காப்பி குடிச்சுக்கிட்டு நின்னான். நான் பாத்தேன்.

நான் யாரா? படிக்கிற பொண்ணுதான். சட்டம், இங்க நிஷ்லயே. நாலாவது வருஷம் முடிச்சிருக்கணும், நடுவுல ஒரு வருஷம் நிறுத்தி வச்சிட்டேன். ஊரு பேரா? வேணாம் பெரியம்மா. சொன்னா பேப்பரைப் பாத்து நீங்களே கூட்டிக் கழிச்சிருவீங்க. சிச்செவோ பள்ளத்தாக்கு தாண்டி, எல்லைக்கு இந்தப் பக்கம், அவ்வளவுதான்னு வச்சுக்கோங்க.

ஐயையோ, ஜன்னலை மூடாதீங்க! வெளிய முப்பத்தாறு டிகிரி. அந்தப் பக்க ஜன்னலும் திறந்திருக்குன்னா என்ன இப்போ? குறுக்குக் காத்து அடிக்கும், அவ்வளவுதானே. அடிக்கட்டும். கழுத்து பிடிச்சுக்கும், காது வலிக்கும், மூளைக்காய்ச்சல் வரும், எல்லாம் எனக்கும் சொல்லித்தான் வளத்தாங்க. சிமெண்ட் படியில உக்காந்தா பிள்ளை பொறக்காதுன்னு எங்க பக்கத்து வீட்டு யெலிட்சா அத்தை என்னைப் பாக்கிறப்பல்லாம் எந்திரிக்கச் சொல்லும். இருபத்திமூணு வயசாச்சு, இன்னும் சொல்லுது. இந்த நாட்டுல எத்தனையோ பேரு எத்தனையோ விதமா செத்திருக்காங்க, ஜன்னல் காத்துல செத்தவன் ஒருத்தனைக் காட்டச் சொல்லுங்க பாப்போம். காலேஜ்ல இதை வச்சே ஒரு பேச்சுப்போட்டியில ஜெயிச்சேன். எதிரணிக்காரன் தும்மிட்டான், அரங்கமே சிரிச்சிருச்சு.

பேச்சுன்னா எனக்கு வெல்லம். தோத்தது கிடையாது.

டாக்டர் எனக்குச் சொந்தமான்னா கேக்குறீங்க? இல்ல. பிள்ளைதான் சொந்தம். எங்க அக்கா பிள்ளை.

பரவால்ல. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும். கையை எடுக்காதீங்க, இருக்கட்டும்.

பேரு ரெல்யா. ரெண்டு வயசு எட்டு மாசம். அக்கா ஒலிவெரா லின்ட்ஸ்ல இருக்கா, ஆஸ்திரியாவுல, ஒரு ஹோட்டல் சலவையில வேலை. அவனோட அப்பாவா? அது தனிக் கேஸ், நான் வக்கீலானதும் அவனுக்கு இருக்கு. அம்மா போய்ச் சேந்து ஆறு வருஷமாச்சு. அக்கா போகும்போது பிள்ளையை வச்சுக்க ஆள் இல்ல. அதுக்குத்தான் அந்த ஒரு வருஷம் நிறுத்தினது. சித்தின்னு சொல்ல வராது, த்தின்னுவான். கடலை பஃப் பாக்கெட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத் தெருவெல்லாம் போட்டுக்கிட்டே வருவான், பின்னாடியே எங்க தெரு நாய் ரெண்டும் வரும், ஊர்வலம் மாதிரி.

கவட்டுல ஒரு சின்னப் புடைப்பு. அழுதா வால்நட் பருப்பு அளவுக்கு எந்திரிக்கும், அழுகை அடங்கினா உள்ள போயிரும். குடலிறக்கம்னாங்க, முக்கால் மணி நேர வேலை, சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னாங்க. அதுக்கு முன்னாடி மயக்க டாக்டர் ஒரு தடவை பாக்கணும். அதுக்குத்தான் மே மாசம் கூட்டிட்டுப் போனேன். அவங்க எப்படிப் பாத்தாங்கன்னு கேளுங்க. பாக்கலன்னு எழுதுறானே இவன், அதுக்காகச் சொல்றேன்.

போன உடனே அவங்க நாற்காலியை விட்டு எந்திரிச்சுத் தரையில உக்காந்தாங்க. அம்பது வயசுக்கு மேல இருக்கும், முட்டி சடக்குன்னு சத்தம் போட்டுச்சு. பெரியவங்கன்னா வாயைத் திற, நாக்கை நீட்டு, கழுத்தை மடக்குன்னு சொன்னாச் செய்வாங்க, பிள்ளைங்ககிட்ட திருடித்தான் பாக்கணும்னாங்க. அப்புறம் கரடி மாதிரி உறுமிக் காட்டினாங்க. இவன் ஒரு நிமிஷம் முழிச்சான், அப்புறம் பதிலுக்கு உறுமினான் பாருங்க, வாயெல்லாம் பிளந்து, நாக்கெல்லாம் வெளிய தள்ளி. அவங்களுக்கு அதான் வேணும். தொண்டைக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு பாத்துட்டாங்க. நான் அதை விளையாட்டுன்னு நெனச்சேன். அது பரிசோதனை.

அப்புறம் என்கிட்ட கேள்வி. பால் குடிக்கிறப்போ நடுவுல நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குவானா? எப்படித் தூங்குவான்? குறட்டை உண்டா? நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், குப்புறப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு, டிராக்டர் ஓட்டுவான்னு. அவங்க சிரிக்கல. எழுதிக்கிட்டாங்க. அவனை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் மெதுவாத் திருப்பி, பக்கவாட்டுல ரொம்ப நேரம் பாத்தாங்க. ஒரு விரலைத் தாடைக்குக் கீழ வச்சுப் பாத்தாங்க. தாடை கொஞ்சம் உள்வாங்கியிருக்கேன்னாங்க. எங்க வீட்டுத் தாடை அது, என்னைப் பாருங்களேன்னு மூஞ்சியைத் திருப்பிக் காட்டினேன். உனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்மா, இவனுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சின்னது மாதிரி தெரியுது, தொப்பி நாடா மறைக்குதுன்னாங்க.

தொப்பியா? ஆமா, தொப்பி போட்டிருந்தான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல இதைக் கேளுங்க. வெளிய பதினாலு பிள்ளைங்க வரிசையில. எங்க ஆஸ்பத்திரியில மயக்க டாக்டருங்க நாலு பேரு இருந்தாங்க. ஒருத்தர் மியூனிக், ஒருத்தர் ஸ்லொவேனியா, இன்னொருத்தர் எங்க போனார்னே தெரியாது, கதவுல பேரு மட்டும் இருக்கு. மிச்சம் இந்த ஒரு மனுஷி. உள்ள பாக்கிறதுக்குக் கேமரா வச்ச குழாய் ஒண்ணு இருக்காம், கஷ்டமான தொண்டைன்னா அதை வச்சுத்தான் மூச்சு விடுற குழாயை உள்ள இறக்குவாங்களாம். அது எங்க ஊருல கிடையாது, பெல்கிராடுலதான். மூணு தடவை எழுதிக் கேட்டிருக்காங்க, தாள் தாளா இன்னைக்கு மேசையில வச்சாங்க. அதை ஒருத்தரும் புரட்டிக்கூடப் பாக்கல. ஆளும் குடுக்க மாட்டான், கருவியும் குடுக்க மாட்டான், அப்புறம் நீ ஏன் முன்னாடியே கண்டுபிடிக்கலன்னு கேப்பான். சந்தேகம் வந்தா இந்த டாக்டர் பெல்கிராடுக்கு எழுதிக் குடுத்துருவாங்களாம். போன வருஷம் மட்டும் ஒம்பது பிள்ளைங்களை அப்படி அனுப்பியிருக்காங்க. ஒம்பதும் இப்ப ஓடி விளையாடுது. அது எந்தப் பேப்பர்லயும் வராது.

அவங்க வீட்டுக் கேட்டுல சிவப்புப் பெயிண்ட்ல எழுதியிருக்கானுங்க. என்னன்னு நான் என் வாயால சொல்ல மாட்டேன். அவங்க வீட்டுக்காரர் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்திருக்கார், போகல. இப்ப கேட்டையே கழட்டி உள்ள சாத்தி வச்சிருக்காங்க. கேட் இல்லாத வீடா நிக்குது.

புரெக் பலகாரம் வேணாம் பெரியம்மா, நீங்க சாப்பிடுங்க. காலையில இருந்து எதுவும் இறங்கல. சரி, அந்தத் தயிர் மட்டும் குடுங்க.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரி டாக்டருக்கு வக்காலத்து வாங்குறாளேன்னு பாக்குறீங்க, இல்ல? விட மாட்டீங்க போல. சரி. தொப்பி.

நீல நூல்ல பின்னினது, ரெண்டு பக்கமும் காதை மூடி, தாடைக்குக் கீழ நாடா வச்சுக் கட்டுறது. அக்கா லின்ட்ஸ்ல இருந்து அனுப்பினா. நம்ம ஊருல மே மாசத்துலயும் பிள்ளை தலையில தொப்பி இருந்தா யாராவது ஏன்னு கேக்குறாங்களா? இல்லாட்டித்தானே கேப்பாங்க. தெருவுல போற முன்பின் தெரியாத பொம்பளைகூட நிறுத்திக் கேப்பா, ஏம்மா பிள்ளைக்குக் காதுல காத்துப் போகாதான்னு. அது எனக்கு வசதியா இருந்துச்சு.

எனக்குத்தான் குறுக்குக் காத்துல நம்பிக்கை இல்லியே. அப்புறம் எதுக்குத் தொப்பின்னா, அவனுக்கு இடது காது சரியா வளரல பெரியம்மா. பொறந்ததே அப்படித்தான். ஒரு சின்ன மொட்டு மாதிரி, அவிச்ச பட்டாணியைத் தோலோட ஒட்டி வச்ச மாதிரி. வலது காது முழுசா இருக்கு, நல்லாக் கேக்கும், அதனால நாங்க பெருசா எடுத்துக்கல. பெரியவனானதும் பெல்கிராடுல புதுக் காது செஞ்சு வச்சுக்கலாம்னு அக்கா காசு சேத்துக்கிட்டிருந்தா. அதுவரைக்கும் யார் கண்ணுலயும் பட வேணாம்டி, அவனை யாரும் ஒரு சொல் சொல்லிறக் கூடாதுன்னு போன்ல தினம் சொல்லுவா. ஒரு தடவை சந்தையில மிளகாய் விக்கிறவ தொப்பி இல்லாம அவனைப் பாத்துட்டு மூணு தடவை துப்பினா. கண்ணு படாம இருக்கத் துப்புனாளா, அருவருத்துத் துப்புனாளா, அவளைத்தான் கேக்கணும். அன்னையில இருந்து தொப்பியைக் கழட்டினா இவனே இடது கையைத் தூக்கிக் காது மேல பொத்திக்குவான். நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. பாத்துக் கத்துக்கிட்டான்.

அன்னைக்கு டாக்டர் தொப்பி நாடான்னு சொன்ன உடனே கை மேல போயிருச்சு. தொப்பிக்கு மேலயே பொத்திக்கிட்டான். என்னைப் பாத்தான்.

தொப்பியைக் கொஞ்சம் கழட்டும்மான்னாங்க டாக்டர். நான் சொன்னேன், ஜன்னல் திறந்திருக்கு டாக்டர், குறுக்குக் காத்துன்னு. நான்! அதைச் சொன்னது நான்! அவங்க உடனே எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்திட்டு வந்தாங்க. எங்க அம்மா இருந்தா என்னைக் கொன்னேபோட்டிருப்பான்னு சிரிச்சாங்க. அந்த இடத்துல வேற நாட்டு டாக்டரா இருந்தா, என்ன காத்து, எங்க காத்துன்னு கேட்டுக் கழட்டியிருப்பான். நம்ம ஆளுங்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், மேல கேக்க மாட்டாங்க. ஆனா அவங்க கேட்டாங்க. ஜன்னல் மூடியாச்சே, இப்பக் கழட்டலாமான்னு ரெண்டாவது தடவையும் கேட்டாங்க.

அப்ப எனக்குள்ள இருக்கிற வக்கீல் முழிச்சுக்கிட்டா. புடைப்பு கவட்டுல இருக்கு டாக்டர், காதுல உங்களுக்கு என்ன வேலைன்னேன். பிள்ளை வேர்த்திருக்கு, இப்பக் கழட்டினா சளி பிடிக்கும், சளி பிடிச்சா நீங்களே ஆபரேஷனைத் தள்ளி வைப்பீங்க, எங்க அக்கா ரெண்டு நாள் லீவு வாங்கி வர்றா, மறுபடி யார் லீவு குடுப்பாங்க அவளுக்குன்னேன். பதினாலு பேரு வெளிய நிக்கிறாங்களே, உங்களுக்கு நேரம் இருக்கான்னும் கேட்டேன். ஒண்ணொண்ணாக் கோத்துக் குடுத்தேன். அவங்க என்னைப் பாத்துச் சிரிச்சு, சட்டம் படிக்கிறியான்னாங்க. ஆமான்னேன். தெரியுதுன்னாங்க. காதெல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு கேட்டாங்க.

நல்லா இருக்குன்னு சொன்னேன்.

காது, இயல்புன்னு எழுதினாங்க. என் வார்த்தையை நம்பி எழுதினாங்க. வெளிய வந்து அவனைத் தூக்கிச் சுத்தினேன், ஜெயிச்சிட்டோம்டா கரடின்னு.

பின்னாடி லைப்ரரியில உக்காந்து மருத்துவப் புஸ்தகமாப் புரட்டினேன். காதும் தாடையும் வயித்துக்குள்ள ஒரே நேரத்துல, ஒரே இடத்துல இருந்து உருவாகுதாம். ஒரு பக்கக் காது முளைக்கலன்னா, அந்தப் பக்கத் தாடை உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்னு சந்தேகப்படணுமாம். குறட்டை, குப்புறத் தூக்கம், சின்னத் தாடை, இது மூணும் அவங்க கையில இருந்துச்சு. நாலாவது தொப்பிக்குள்ள இருந்துச்சு. அதைப் பாத்திருந்தா பேனாவை எடுத்துப் பெல்கிராடுன்னு எழுதியிருப்பாங்க. பத்தாவது பிள்ளையா அவனும் ஓடிக்கிட்டிருப்பான்.

ஆபரேஷன் அன்னைக்கா? செவ்வாக்கிழமை, காலையில ஏழரை. அக்கா அப்பத்தான் ராத்திரி பஸ்ல வந்து இறங்கி, வராந்தாவுல பையோட நிக்கிறா. பச்சைச் சட்டை போட்டு விட்டிருந்தாங்க, அவனுக்கு அது பாதம் வரைக்கும் தொங்குது. தியேட்டர் கதவுகிட்ட நர்ஸ் தொப்பியைக் கழட்டப் போனா, அவன் பொத்திக்கிட்டு ஒரே அழுகை. டாக்டர் வந்தாங்க. அழ விடாதே, அழுதா தொண்டையில சளி கட்டும், தூங்கினப்புறம் நானே கழட்டிக்கிறேன்னாங்க. இரக்கப்பட்டாங்க பெரியம்மா. அந்த இரக்கத்தையும் இன்னைக்குக் குத்தம்னு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அவனைப் பாத்து உறுமினாங்க. அவன் கண்ணீரோடயே பதிலுக்கு உறுமினான். கதவு மூடுற வரைக்கும் உறுமிக்கிட்டே போனான்.

தூங்கினப்புறம் தொப்பியைக் கழட்டியிருக்காங்க. ஐயோ, காதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாங்களாம், நர்ஸ் சொன்னா. அதுக்குள்ள மருந்து ஏறி அவன் மூச்சு அவங்க கைக்கு வந்தாச்சு. திருப்பிக் குடுக்க வழியில்ல. குழாய் இறங்கல. பதினெட்டு நிமிஷம். கழுத்துல ஓட்டை போட்டுக்கூடப் பாத்திருக்காங்க. அப்புறம் வெளிய வந்தாங்க. தொப்பியை நாலா மடிச்சு அக்கா கையில குடுத்தாங்க.

அக்கா என்னை ஒண்ணும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல. டாக்டர் பாக்காம விட்டுட்டாங்கன்னு ஊரே சொல்லுது, அவளும் அதைப் பிடிச்சுக்கிட்டா. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறா, குளிக்கிறா, ரெண்டு வாய் சாப்பிடுறா. யார் கண்ணுலயும் பட வேணாம்டின்னு தினம் சொன்னது அவதான். அதை அவ கையில இருந்து பிடுங்கினா என்ன ஆவா? இது ஒரு வாதம். அக்காவுக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கலாம். எனக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரு வாதம் கிடைச்சிருமே.

இன்னைக்கு அந்த ரூம்ல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அஞ்சு பேர்ல ஒருத்தர் எந்திரிச்சுப் போய் ஜன்னலைச் சாத்தினார். காத்தடிக்குதுன்னார்.

காது இயல்புன்னு எழுதியிருக்கீங்களே, பாத்தீங்களா பாக்கலயான்னு டாக்டரைக் கேட்டாங்க. பாக்கலன்னாங்க. ரெண்டு தடவை கழட்டச் சொன்னேன், கூட வந்தவங்க வேணாம்னாங்க, காது நல்லா இருக்குன்னாங்க. நான் கையை நீட்டி நானே கழட்டியிருக்கணும், அது என் தப்புன்னாங்க. என் பேரைச் சொல்லல. என் பக்கம் கையைக் காட்டல. நர்ஸ் அந்த நேரம் வரிசையைச் சரி பண்ண வெளிய போயிருந்தா. ரூம்ல நாங்க மூணு பேருதான். அதுல ஒருத்தன் இப்ப இல்ல.

அப்ப தலைவர் என்னை எந்திரிக்கச் சொன்னார். வயசானவரு, கையில பேனாவை வச்சுக்கிட்டு, பயப்படாம சொல்லும்மான்னார். எனக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசையில அக்கா. மடியில அந்தத் தொப்பி. திரும்பிப் பாக்கல நான், ஆனா அவ நாடாவை விரல்ல சுத்திச் சுத்தி எடுக்கிறது எனக்குத் தெரியும், அவளுக்கு அது பழக்கம்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நானும் நிமிந்து நின்னு, தெளிவா, ஒரு வரியில சொன்னேன். நல்லாப் பேசுற பொண்ணுன்னு காலேஜ்லயும் சொல்லுவாங்க. அஞ்சு பேரும் எழுதிக்கிட்டாங்க. டாக்டர் நதேஷ்தா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. கோவமில்ல. அன்னைக்கு அவனை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வச்சுப் பாத்தாங்களே, அதே மாதிரி, பொறுமையா, ரொம்ப நேரம். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி அதோட டப்பாவுக்குள்ள வச்சு மூடிட்டாங்க.

ஜன்னலை மூடிக்கோங்க பெரியம்மா. நான் ஒண்ணும் சொல்லல, மூடிக்கோங்க. உங்களுக்குக் கழுத்து பிடிச்சுக்கும்.

என்ன கேள்வியா? உங்க பிள்ளையோட தொப்பியைக் கழட்டச் சொல்லி டாக்டர் கேட்டாங்களான்னுதான்.

கேக்கவே இல்லன்னு சொன்னேன்.